குக்கி மான்மியம்

ஆதியிலே வலைக்கு ஞாபகம் என்று ஒன்று இருக்கவில்லை. ஜெனீவாவுக்குப் பக்கத்தில், சேர்ன் ஆய்வுகூடத்தில் டிம் பேர்னர்ஸ்-லீ அதை அமைத்தபோது அவர் மனதில் இருந்தவர்கள் விஞ்ஞானிகள். ஒரு கட்டுரையைக் கேட்டால் சேர்வர் எடுத்துக் கொடுக்கும். கொடுத்த கையோடு கேட்டவரை மறந்துபோகும். அடுத்த கட்டுரைக்குத் திரும்பி வந்தால் அவர் புது ஆள். விஞ்ஞானிகளுக்கு இதில் ஒரு குறையும் தெரியவில்லை, அவர்களும் அப்படித்தான். கடைக்காரர்கள் வலைக்குள் வந்த பிறகுதான் சங்கடம் தொடங்கியது.

"ஒரு சோடி செருப்பு வேணும்."

"வாங்கோ, வாங்கோ. இந்தாங்கோ செருப்பு. கூடைக்குள்ள போட்டாச்சு."

"அதோட ஒரு குடையும்."

"வாங்கோ, வாங்கோ. நீங்கள் ஆர்?"

"இப்பதானே செருப்பு வாங்கினனான்!"

"எந்தச் செருப்பு?"

இந்தக் கூத்துக்கு முடிவு கட்ட அவதரித்தவர் லூ மொன்டுலி. அப்போது அவருக்கு வயது 23. கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போதே, படம் காட்டாமல் எழுத்தை மட்டும் காட்டும் 'லிங்ஸ்' என்ற பிரவுசரை ஆக்கினவர்களில் ஒருவர். 1994இல் ஜிம் கிளார்க்கும் மார்க் அன்ட்ரீசனும் கலிபோர்னியாவில் கம்பனி தொடங்கியபோது அங்கே போய்ச் சேர்ந்தார். அதுதான் பிறகு நெட்ஸ்கேப் ஆனது. கந்தோரில் இருந்த மீன்தொட்டிக்கு ஒரு கமரா பூட்டி, மீன்கள் நீந்துவதை உலகமெல்லாம் பார்க்க வைத்தவரும் இவர்தான். கேட்காமல் படம் பிடித்ததற்கு அந்த மீன்கள் ஏதும் சாபம் போட்டனவா என்று தெரியாது. புராணம் என்றால் போட்டிருக்க வேண்டும்.

எம்.சி.ஐ. என்ற அமெரிக்கத் தொலைபேசிக் கம்பனி வலையில் கடை போட விரும்பியது. ஆட்கள் பாதியில் விட்டுவிட்டுப் போகிற கூடைகளையெல்லாம் எங்கள் சேர்வரில் கட்டிக் காக்க ஏலாது, வேறு வழி பாருங்கள் என்று அவர்கள் நெட்ஸ்கேப்பிடம் சொல்லிவிட்டார்கள். மொன்டுலிக்கு லேசான வழி ஒன்று இருந்தது. ஒவ்வொரு பிரவுசருக்கும் பிறக்கும்போதே ஒரு நிரந்தர இலக்கத்தைக் கொடுத்துவிட்டால் முடிந்தது. எந்தக் கடைக்குப் போனாலும் அந்த இலக்கம் தெரியும். ஆனால் அப்படிச் செய்தால் ஒரு ஆளை ஊர் ஊராகப் பின்தொடரலாமே என்று யோசித்து அவர் அந்த வழியை விட்டுவிட்டார். குக்கி பிறந்ததே ஆட்களின் அந்தரங்கத்தைக் காப்பாற்றத்தான் என்று சொன்னால் இன்று ஒருவரும் நம்பமாட்டார்கள். ஆனால் அதுதான் நடந்தது.

யுனிக்ஸ்காரர்கள் ஒரு புரோகிராம் இன்னொன்றுக்குக் கொடுத்து வாங்கும் சின்னத் தரவுத் துண்டை 'மெஜிக் குக்கி' என்பார்கள். பெயரை அங்கிருந்து எடுத்தார். ஜோன் ஜியானன்ட்ரியாவோடு சேர்ந்து விவரத்தை எழுதினார். 1994 ஒக்டோபர் 13ஆம் திகதி வெளிவந்த பிரவுசருக்குள் அது ஏறிவிட்டது. பாவிக்கிறவர்களுக்கு ஒரு சொல் சொல்லவில்லை. பொதுசனத்துக்கு விஷயம் தெரிய வந்தது 1996 பெப்ரவரியில், இலண்டன் பைனான்சியல் டைம்ஸ் எழுதிய பிறகு. அதற்கிடையில் ஒன்றேகால் வருஷத்துக்கு மேலாக எல்லோருடைய கொம்பியூட்டரிலும் குறி விழுந்துகொண்டிருந்தது.

குறி என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. கொழும்புப் பக்கம், தெஹிவளையிலும் வெள்ளவத்தையிலும் லோண்டரிக்கு உடுப்புக் கொடுத்து எடுத்தவர்களுக்குக் குக்கியை விளங்கப்படுத்த ஐந்து நிமிஷம் போதும். சேட்டைக் கொடுத்தால் லோண்டரிக்காரர் கொலரின் உட்பக்கத்தில் சின்னதாக ஒரு குறி போடுவார். முந்திச் சேங்கொட்டைப் பால், பிறகு அழியாத மை. 'ஆ 27' மாதிரி ஏதோ ஒன்று. அதில் உங்கள் பெயர் இல்லை, வீட்டு இலக்கம் இல்லை. அதெல்லாம் அவருடைய கொப்பியில் இருக்கும். குறியைக் கழுத்தில் சுமந்துகொண்டு கலியாணவீடு, செத்தவீடு எல்லாம் திரிகிறவர் நீங்கள். அதை வாசிக்கத் தெரிந்தவர் அவர். அடுத்தமுறை அதே சேட்டோடு போனால் கொலரைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "போனமுறை கஞ்சி கூடிப்போச்செண்டு சொன்னனீங்கள், என்ன?" என்பார். உங்களுக்கும் ஒரு சந்தோஷம்.

குக்கி அந்தக் குறிதான். மைக்குப் பதில் நாலு கிலோபைட்டுக்குள் அடங்கும் ஒரு துண்டு எழுத்து. அதற்கு ஒரு பெயர், ஒரு பெறுமதி, எந்தத் தளத்துக்கு உரியது, எந்தத் திகதியில் காலாவதி. சேர்வர் எழுதிக் கொடுக்கும். உங்கள் பிரவுசர் வாங்கி வைத்துக்கொள்ளும். அடுத்தமுறை அந்தத் தளத்துக்குப் போகும்போது கேட்காமலே எடுத்து நீட்டும். ஒரு லோண்டரியின் குறியை இன்னொரு லோண்டரிக்குக் காட்டாது. மொன்டுலியின் கெட்டித்தனம் அந்தக் கடைசி நிபந்தனையில்தான் இருந்தது. கோட்டைவிட்டதும் அதிலேதான், அதற்குப் பிறகு வருகிறேன்.

கொலரைப் புரட்டிப் பார்க்க ஆசை என்றால் கொம்பியூட்டரில் ஏதாவது செய்தித்தளத்தைத் திறந்து, எஃப் 12 பொத்தானை அமத்தி, 'அப்ளிகேஷன்' என்ற பகுதிக்குள் போங்கள். வரிசை வரிசையாகக் கிடக்கும். அனேகமான தளங்களில் 'ஜீ.ஏ.' என்று, முன்னால் ஒரு அடிக்கோட்டோடு, ஒன்று இருக்கும். கூகிளின் வருகைக் கணக்கெடுப்புக் குக்கி. அதன் பெறுமதியின் வாலில் இரண்டு நீளமான எண்கள் இருக்கும். முதலாவது எழுமாற்றாகக் கொடுத்தது. அதுதான் உங்கள் 'ஆ 27'. இரண்டாவது, நீங்கள் அந்தத் தளத்துக்கு முதன்முதல் வந்த நேரம், 1970 ஜனவரி 1ஆம் திகதியிலிருந்து செக்கன் கணக்கில் எண்ணியது. 1700000000 என்று இருந்தால் இலங்கை நேரப்படி 2023 நவம்பர் 15ஆம் திகதி அதிகாலை 3 மணி 43 நிமிஷம் 20 செக்கன். அந்த நேரத்தில் உங்களுக்கு அங்கே என்ன வேலை என்று வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. ஆனால் எழுத்தில் இருக்கிறது.

கொழும்பில் குக்கி தன் குணத்தைக் காட்டியது நெட் கபேக்களில். 2000ஆம் ஆண்டை ஒட்டிய காலம். காலி வீதி நெடுக, சேலைக்கடைக்கும் நகைக்கடைக்கும் மேல்மாடியில், பலகை அடித்துப் பிரித்த கூண்டுகள். லொட்ஜில் இருந்துகொண்டு வெளிநாட்டுப் பயணத்துக்குக் காத்திருக்கிற பெடியள், மகள் அனுப்பிய பேரப்பிள்ளையின் படத்தைப் பார்க்க வந்த அம்மாமார், எல்லோருக்கும் மணிக்கு இவ்வளவு என்று காசு. ஹொட்மெயிலைத் திறந்து, வாசித்து, கண்ணைத் துடைத்து, மேல் மூலையில் உள்ள பெருக்கல் அடையாளத்தை அமத்திவிட்டு எழும்பிப் போவார்கள். மூடியது ஒரு ஜன்னலைத்தான். பின்னால் இன்னொரு ஜன்னல் திறந்தபடி கிடக்கும். அடுத்து வந்தவர் ஹொட்மெயில் என்று அடித்தால், கடவுச்சொல் கேட்காமலே முந்தினவரின் பெட்டி விரியும். மொன்றியலில் மாப்பிள்ளை பார்த்த விபரம், ஏஜென்சிக்காரருக்குக் கட்டிய காசு, பேசி முறிந்த காதல், எல்லாம். 'சைன் அவுட் செய்துவிட்டுச் செல்லவும்' என்று சுவரில் ஒட்டிவைத்த கடதாசியை ஒருவரும் வாசிக்கவில்லை.

கடவுச்சொல்லை நீங்கள் கொடுப்பது ஒரு தரம்தான். அதைச் சரிபார்த்துவிட்டு சேர்வர் ஒரு குக்கியைத் தரும். அதற்குப் பிறகு அந்தக் குக்கியை ஆர் கொண்டுவந்தாலும் அவர்தான் நீங்கள். முகம் பார்ப்பதில்லை. 2010இல் எரிக் பட்லர் என்ற அமெரிக்கர் 'ஃபயர்ஷீப்' என்று ஒரு சின்னப் புரோகிராமை வெளியிட்டார். கோப்பிக் கடை வைஃபையில் பக்கத்து மேசைக்காரரின் பேஸ்புக் குக்கியைப் பிடித்து, அவராகவே உள்ளே போகலாம். அதைப் பார்த்த பிறகுதான் பெரிய கம்பனிகள் தங்கள் தளம் முழுவதையும் குறியாக்கம் செய்ய ஓடின. வெள்ளவத்தை நெட் கபேக்கு ஒரு மணித்தியாலம் வந்திருந்தால் பத்து வருஷம் முந்தியே அறிந்திருப்பார்கள்.

இப்போது மூன்றாமவர் படலம். உங்கள் சேட் வெளுக்கிற லோண்டரிக்கு ஒருநாள் ஒரு கனவான் வருகிறார். "அண்ணை, உங்கட சுவரில ஒரு கலண்டர் மாட்டட்டோ? வாடகை தருவன்" என்கிறார். லோண்டரிக்காரருக்கு லாபம். மறுநாள் நீங்கள் போகும்போது கலண்டருக்குப் பக்கத்தில் ஒரு பெடியன் நிற்கிறான். லோண்டரிக்காரர் தன் குறியைப் போடும்போது, பெடியனும் தன்னுடைய குறி ஒன்றைப் போட்டுவிடுகிறான். அதே கனவானின் கலண்டர் பார்மசியிலும் தொங்குகிறது, புத்தகக்கடையிலும் தொங்குகிறது, வட்டிக்கடையிலும் தொங்குகிறது. போகிற இடமெல்லாம் ஒரு பெடியன், ஒரே குறி. லோண்டரிக்காரருக்கு உங்கள் சேட் மட்டும் தெரியும். பார்மசிக்காரருக்கு உங்கள் மூலவியாதி மட்டும் தெரியும். கனவானுக்கு மட்டும், ஊத்தைச் சேட்டோடு மூலவியாதிக்கு மருந்து வாங்கிவிட்டு நகையை அடகு வைக்கப் போகிறவர் ஒரே ஆள் என்று தெரியும்.

குக்கியின் விதியை ஒருவரும் மீறவில்லை என்பதுதான் இதில் விசேஷம். லோண்டரியின் குறியை லோண்டரி வாசித்தது. கனவானின் குறியைக் கனவான் வாசித்தார். ஒரு வெப்பக்கத்தில் விளம்பரப் படம் ஒன்று வேறு ஒரு சேர்வரிலிருந்து வருகிறதென்றால், பிரவுசர் அந்தச் சேர்வரையும் போய்த் தட்டுகிறது. தட்டும்போது அதற்குரிய குக்கியைக் கொடுக்கிறது. எந்தப் பக்கத்திலிருந்து வந்தேன் என்பதையும் ஒப்புவிக்கிறது. படம் கண்ணுக்குத் தெரியவேண்டும் என்றுகூட இல்லை. ஒரு புள்ளி அளவில், நிறமில்லாத படம் போதும். நிரந்தர இலக்கத்தை முன்வாசலால் விடமாட்டேன் என்று மொன்டுலி சொன்னார். அது கொல்லைப்பக்கத்தால் வந்து விறாந்தையில் இருந்துகொண்டது.

அந்தக் கனவானின் முதல் பெரிய அவதாரத்துக்கு டபிள்கிளிக் என்று பெயர். 1990களின் நடுப்பகுதியில் கெவின் ஓ'கொனரும் டுவைட் மெரிமனும் தொடங்கியது. இது என்ன அநியாயம் என்று கேட்க ஆட்கள் இல்லாமலில்லை. இணையத்துக்கு விதி எழுதும் ஐ.ஈ.டீ.எஃப். என்ற பொறியியலாளர் சபை கூடியது. பெல் ஆய்வுகூடத்து டேவிட் கிறிஸ்டலும் எங்கள் மொன்டுலியும் சேர்ந்து எழுதிய அறிக்கை, 1997 பெப்ரவரியில் 2109 என்ற இலக்கத்தோடு வந்தது. மூன்றாந்தரப்புக் குக்கியை பிரவுசர்கள் ஏற்கவே கூடாது, ஏற்றாலும் பாவிக்கிறவர் தானாகக் கேட்டால் ஒழிய அது வேலை செய்யக்கூடாது என்று அதில் சுத்தமாக எழுதியிருந்தது. நெட்ஸ்கேப்பும் வாசித்தது, மைக்ரோசொப்டும் வாசித்தது. இரண்டு பேரும் பக்குவமாக மடித்து அலுமாரியில் வைத்தார்கள். அறிக்கையில் கையெழுத்து வைத்த மொன்டுலி நெட்ஸ்கேப்பில் சம்பளம் எடுத்துக்கொண்டிருந்தார் என்பதைக் கவனிக்க. இதைத் தடுத்தால் விளம்பரக்காரர்கள் இதைவிடக் கள்ளமான வழி பார்ப்பார்கள், குக்கி என்றாலாவது கண்ணால் கண்டு அழிக்கலாம் என்பது அவர் பின்னாளில் சொன்ன நியாயம். கள்ளன் எப்படியும் வருவான், ஏணியையாவது எங்கள் வீட்டு ஏணியாகக் கொடுப்போம் என்பது மாதிரி. ஆனாலும் மனிதர் சொன்னதில் பாதி பலித்தது. எழுத்துருக்களையும் திரையின் அளவையும் வைத்து ஆளை மட்டுக்கட்டுகிற கைரேகை வித்தை பிறகு வந்தது, அதை அழிக்க ஒரு பொத்தானும் இல்லை.

டபிள்கிளிக்கிடம் இருந்ததெல்லாம் குறிகள், பெயர்கள் இல்லை. 1999இல் அபாகஸ் டிரெக்ட் என்ற கம்பனியைச் சுமார் 170 கோடி டொலருக்கு வாங்கினார்கள். அபாகஸிடம் இருந்தது, தபால்வழிச் சாமான் வாங்கும் கோடிக்கணக்கான அமெரிக்கக் குடும்பங்களின் பெயர், விலாசம், வாங்கிய பொருள். ஒரு கையில் குறி, மறுகையில் கொப்பி. இரண்டையும் ஒட்டவைப்போம் என்று சொன்னதும் அமெரிக்கா கொதித்தது. மத்திய வர்த்தக ஆணைக்குழு விசாரணை தொடங்கியது. 2000 மார்ச்சில் ஓ'கொனர் பின்வாங்கினார். எல்லோரும் நிம்மதியாக நித்திரைக்குப் போனார்கள். 2008இல் கூகிள், டபிள்கிளிக்கை 310 கோடி டொலருக்கு வாங்கி முடித்தது. ஜிமெயிலுக்குப் பெயரும் போன் இலக்கமும் நாங்களே கையால் அடித்துக் கொடுத்திருந்தபடியால், இந்தமுறை கொப்பிக்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

அமெரிக்கா கொதித்த கதையை வாசிக்கும்போது தெஹிவளைத் தமிழருக்கு இலேசாகச் சிரிப்பு வரும். பெயரையும் இலக்கத்தையும் ஒட்டவைப்பதென்றால் என்னவென்று எங்களுக்குத் தெரியும். யுத்தகாலத்தில் வீட்டில் இருக்கிறவர்கள், வந்து தங்குகிறவர்கள் எல்லோருடைய விபரத்தையும் நிரப்பிப் பொலிஸில் பதிய வேண்டும். சிங்களத்தில் நிரப்பத் தெரிந்த ஒருவரைத் தேடிப் பிடித்து, முத்திரை குத்தி வாங்கி, போட்டோக்கொப்பி எடுத்து, அதை மடித்து மடித்துக் கிழியாமல் பொலித்தீனுக்குள் வைத்துக்கொண்டு திரிந்தோம். யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு மாமி கண் ஒப்பரேஷனுக்கு வந்தாலும் மாமிக்கு முதல் வேலை பொலிஸ் பதிவு, பிறகுதான் கண். 2008 செப்டம்பரில், ஐந்து வருஷத்துக்குள் வடக்கிலிருந்து வந்து மேல் மாகாணத்தில் இருப்பவர்கள் எல்லோரும் வந்து பதியுங்கள் என்று அறிவித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை வரிசையில் நிறுத்தினார்கள்.

தேசிய அடையாள அட்டையே ஒரு தேர்ந்த குக்கி. 1972இலிருந்து கொடுத்து வந்த பழைய இலக்கத்தில் முதல் இரண்டும் பிறந்த வருஷம், அடுத்த மூன்றும் வருஷத்தின் எத்தனையாவது நாள். பெண் என்றால் அந்த நாளோடு 500ஐக் கூட்ட வேண்டும். சோதனைச்சாவடியில் நிற்கிற பத்தொன்பது வயதுப் பெடியன் அட்டையைத் திருப்பிப் பார்த்தவுடன், அன்ரி இவ்வளவு காலமும் மறைத்து வந்த வயது வெளியே வந்துவிடும். அந்தக் காலத்தில் வடக்குக் கிழக்கில் வழங்கிய அட்டையில் தமிழும் இருக்கும், மற்ற இடத்து அட்டையில் சிங்களம் மட்டும். எழுத்தைப் பார்த்தே ஊரைச் சொல்லலாம். கூகிளின் எழுமாற்று எண்ணுக்கு இந்தச் சாமர்த்தியம் கிடையாது. 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலை, தகுந்த காரணமில்லாமல் தங்கியிருக்கிறார்கள் என்று சொல்லி கொழும்பு லொட்ஜுகளிலிருந்து நூற்றுக்கணக்கான தமிழரை பஸ்ஸில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பினார்கள். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் வழக்குப் போட, மறுநாள் உயர் நீதிமன்றம் தடுத்தது. ஆளைப் பற்றி எழுதி வைத்த விபரம் எதற்குப் பயன்படும் என்பதை எழுதிக் கொடுக்கிறவர் தீர்மானிப்பதில்லை. இதை எங்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் சொல்லித்தரத் தேவையில்லை.

இப்படிப்பட்ட நாங்கள்தான் 2022இல், எரிபொருள் தட்டுப்பாட்டு நேரம், பங்கீட்டுக்குக் கொடுத்த பெற்றோல் கியூஆருக்காக அடையாள அட்டை இலக்கத்தையும் வாகன இலக்கத்தையும் ஒரே மூச்சில் அடித்துக் கொடுத்து, வந்த கியூஆரைக் குடும்ப வட்ஸ்அப்பில் போட்டு, "ஆராவது போனால் என்ர வண்டிக்கும் அடிச்சுவிடுங்கோ" என்று கேட்டோம். தாங்கி காலி என்றால் தத்துவமும் காலி.

அமெரிக்க உளவுக்காரரையும் ஒருக்கால் விசாரித்துவிட்டுப் போவோம். 2005 டிசம்பரில், என்.எஸ்.ஏ. என்ற தேசியப் பாதுகாப்பு முகமையின் வெப்தளம், வந்து போகிறவர்களுக்கு 2035 வரை சாகாத குக்கி கொடுப்பதை ஒருவர் கண்டுபிடித்தார். அரசாங்கத் தளங்கள் அப்படிச் செய்யக்கூடாதென்று விதி. சொவ்ட்வெயாரைப் புதுப்பிக்கும்போது நடந்த தவறு என்று உடனே நிறுத்தினார்கள். அதே மாதம்தான், அதே முகமை நீதிமன்ற அனுமதியில்லாமல் அமெரிக்கரின் தொலைபேசியை ஒட்டுக்கேட்கிற விஷயம் நியூயோர்க் டைம்ஸில் வந்திருந்தது. ஒட்டுக்கேட்டலுக்கு நியாயம் சொன்னார்கள், குக்கிக்கு வருத்தம் தெரிவித்தார்கள். பிறகு 2013இல், அந்த முகமையின் இரகசியங்களை வெளியே விட்ட எட்வர்ட் ஸ்னோடன் கொண்டுவந்த கோப்புகளில் மிச்சம் வெளிவந்தது. கூகிள் விளம்பரத்துக்காகவும் விருப்பங்களை நினைவு வைக்கவும் போட்டுவைத்திருந்த குக்கியையே பின்தொடர்ந்து, தாங்கள் தேடும் ஆளின் கொம்பியூட்டரை அவர்கள் அடையாளம் கண்டிருக்கிறார்கள். சொந்தக் குக்கி ஏன், பக்கத்து வீட்டுக்காரன் போட்டதே போதுமே. கூகிளின் அந்தக் குக்கிக்கு ஒரு காலத்தில் காலாவதி 2038. ஆட்கள் முறைப்பட்டதும் 2007இல் இரண்டு வருஷமாகக் குறைப்பதாகப் பெரிய மனதோடு அறிவித்தார்கள். தளத்துக்கு ஒருக்கால் திரும்பி வந்தால் அந்த இரண்டு வருஷம் திரும்பவும் முதலிலிருந்து தொடங்கும்.

ஐரோப்பியர் சட்டம் போட்டார்கள். 2009இல் திருத்திய கட்டளைப்படி, அத்தியாவசியமில்லாத குக்கி போடுமுன் சம்மதம் கேட்க வேண்டும். 2018 மே 25இல் பெரிய சட்டமான ஜீ.டீ.பி.ஆர். வந்து, சம்மதம் என்றால் உண்மையான சம்மதமாக இருக்க வேண்டும் என்றது. கேட்டார்கள். உலகத்தின் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு பட்டை முளைத்தது. 'எல்லாவற்றையும் ஏற்கிறேன்' பெரிய நீலப் பொத்தான். 'தெரிவுகளைப் பார்' சாம்பல் நிறத்தில், வயதானவர்களுக்குத் தெரியாத அளவில். அதற்குள் போனால் நூற்றுக்கணக்கான 'பங்காளர்கள்'. ஜேர்மனியில் ஒரு பரிசுப்போட்டித் தளம் சம்மதப் பெட்டிக்குள் தானே சரி போட்டு வைத்திருந்தது. அதை நாங்கள் போட வேண்டும், நீர் போடக்கூடாது என்று சொல்ல ஐரோப்பிய நீதிமன்றம் 2019 ஒக்டோபர் வரை எடுத்தது. பிரான்சுக்காரர் இன்னும் ஒருபடி மேலே போனார்கள். ஏற்க ஒரு சொடுக்கு, மறுக்கப் பல சொடுக்கு என்றால் அது அநியாயம் என்று அவர்களுடைய ஆணைக்குழு 2022 ஜனவரியில் கூகிளுக்கு 15 கோடி யூரோவும் பேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் குற்றப்பணம் அறிவித்தது. நாலு மாதத்துக்குள் கூகிளுக்கு அந்தப் பொத்தானைச் செய்யும் தொழில்நுட்பம் கைவந்துவிட்டது. பாரிஸ் லா சப்பலில் இருக்கிற சித்தப்பாவின் போனில் 'எல்லாவற்றையும் மறு' இப்போது சமமான அளவில் இருப்பது அதனால்தான். அவர் அதைத் தொட்டதில்லை. நீலம்தான் அவருக்கு ராசி.

இதற்கிடையில் அப்பிளின் சஃபாரி 2020 மார்ச்சில் மூன்றாந்தரப்புக் குக்கியை முற்றாக அடைத்தது. ஃபயர்பொக்ஸ் அதற்கு முந்திய வருஷமே தெரிந்த கண்காணிப்புக் குக்கிகளை மறித்தது. மிஞ்சியது கூகிளின் குரோம். இரண்டு வருஷத்தில் நாங்களும் ஒழிக்கிறோம் என்று 2020 ஜனவரியில் வாக்குக் கொடுத்தார்கள். அதற்குப் பதிலாக என்ன செய்யலாம் என்று ஆலோசனைகள் வந்தன, அவற்றுக்கு வைத்த பெயர்கள் எல்லாம் பறவைகள். ஒன்றுக்குப் புறா, ஒன்றுக்குச் சிட்டுக்குருவி, மைக்ரோசொப்ட் தன் பங்குக்குக் கிளி. ஆட்களை ஒரே ரசனை உள்ள கூட்டங்களாகப் பிரிக்கும் திட்டத்துக்குப் பறவைக்கூட்டம் என்று ஒலிக்கும் பெயர். தெஹிவளையில் ஜோன் ஹாகன்பெக் என்ற ஜேர்மன்காரர் ஐரோப்பாவுக்கு மிருகம் ஏற்றுமதி செய்வதற்காகக் கூண்டு கட்டி வைத்திருந்தார். 1936இல் அவருடைய கம்பனி நொடித்துப்போக அரசாங்கம் எடுத்து நடத்தியது, அதுதான் இன்றைய மிருகக்காட்சிச்சாலை. அந்த மனிதர் இருந்திருந்தால் கூகிளுக்கு ஒரு புத்தி சொல்லியிருப்பார்: பறவைகளை ஒரே கூண்டில் அடைத்தால் கொத்துப்படும்.

கொத்துப்பட்டன. விளம்பரக் கம்பனிகள், இது கூகிள் தன் தோட்டத்துக்கு மட்டும் வேலி போடுகிற தந்திரம் என்றன. அந்தரங்க உரிமைக்காரர்கள், இது புதுப்போத்தலில் பழைய கள்ளு என்றார்கள். பிரித்தானியாவின் போட்டி ஆணையம் பக்கத்தில் கதிரை போட்டு இருந்து பார்த்தது. 2022 என்பது 2023 ஆனது, 2024 ஆனது, 2025 ஆனது. 2024 ஜனவரியில் நூற்றுக்கு ஒரு பேருக்கு மட்டும் அடைத்துப் பார்த்தார்கள். ஜூலையில், ஒழிக்கவில்லை, பாவிக்கிறவர்களையே கேட்கப் போகிறோம் என்றார்கள். 2025 ஏப்ரலில், கேட்கவும் போவதில்லை என்றார்கள். ஒக்டோபரில் பறவைக்கூண்டின் பெரும்பகுதியையும் மூடிவிட்டார்கள். எங்கள் நாட்டில் அரசியலமைப்பைத் திருத்துவதாகச் சொல்கிறவர்கள்கூட இவ்வளவு வேகமாகச் சுற்றி அதே இடத்துக்கு வந்ததில்லை.

எங்கள் நாட்டின் சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம். சபாநாயகர் சான்றுப்படுத்தியது 2022 மார்ச் 19. டீசல் வரிசையும் காஸ் வரிசையும் நீண்டு, மாதக் கடைசியில் மின்வெட்டு 13 மணித்தியாலத்தைத் தொட்ட அதே மாதம். தரவைப் பாதுகாக்கும் சட்டம் வந்தபோது தரவு இருந்த கொம்பியூட்டருக்குக் கரண்ட் இல்லை. சட்டத்தின் முக்கியமான பகுதிகள் 2025 மார்ச் 18இல் நடைமுறைக்கு வரும் என்று நாள் குறித்தார்கள். பிறகு அந்த நாளைப் பிற்போட்டார்கள். கூகிளைப் பார்த்துப் பழகியிருக்க வேண்டும்.

குக்கிகளை மொத்தமாகக் கொல்லச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். முதற்தரப்புக் குக்கி செத்தால் வங்கித்தளம் ஒவ்வொரு பக்கத்திலும் நீங்கள் ஆர் என்று கேட்கும், செருப்புக்காரர் கதை திரும்ப வரும். லோண்டரிக்காரரின் குறி இருந்துவிட்டுப் போகட்டும், பெடியனின் குறிதான் வேண்டாம். குரோமில் அமைப்புகளுக்குள் போய், 'தனியுரிமையும் பாதுகாப்பும்' என்பதைத் திறந்து, மூன்றாந்தரப்புக் குக்கிகளைத் தடு என்பதைத் தெரிவுசெய்தால் அவன் கடையை விட்டுப் போய்விடுவான். கலண்டர் தொங்கும், அது தொங்கிவிட்டுப் போகட்டும். பட்டை வந்தால் சாம்பல் நிறப் பொத்தானைத் தேடி 'எல்லாவற்றையும் மறு' என்று அமத்துங்கள். நீங்கள் தேடி வந்த நல்லூர்த் திருவிழா நேர அட்டவணை அப்படியும் திறக்கும்.